புள்ளியும் உயிரும்: நாணயப் பொறிச் சுடும் விளையாட்டுக்களில் இடரும் பேறும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொழுதுபோக்கு என ஒதுக்கப்படும் துறைகளைச் சமூக வரலாற்றுக்கான சான்றுகளாகக் கொள்வதில் ஆய்வாளர் பலருக்கு இன்றும் தயக்கமுண்டு. வீடியோ விளையாட்டுக்களைப் பொறுத்தவரையில் அத்தயக்கம் இரட்டிப்பாகிறது. இளைஞரின் பணத்தையும் நேரத்தையும் உறிஞ்சுவதற்கு முதலாளித்துவச் சந்தை கண்டெடுத்த கருவிகளே அவை என்பது ஒரு சாராரின் முடிபு. அவை புதியதொரு கலைவடிவம், பணக்கணக்கைக் கொண்டு அவற்றை மதிப்பிடுதல் தகாது என்பது மறுசாராரின் முடிபு. இரு முடிபுகளும் ஆராய்ச்சிக்கு முன்னரே எட்டப்பட்டவை. விளையாட்டின் உள்ளே நிகழ்வது யாது என்பதை இருசாராரும் நுணுகி நோக்கியதாகத் தெரியவில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகக் குறுகிய பொருளொன்றாகும். 1970களின் பிற்பகுதி முதல் 2000களின் தொடக்கம் வரை யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நாணயமிட்டு ஆடும் பொறிகளில் வழங்கிய சுடும் விளையாட்டுக்களிற் புள்ளி எவ்வாறு ஈட்டப்பட்டது, கூடுதலான புள்ளிக்காக ஆட்டக்காரர் எத்தகைய ஆபத்தை ஏற்றனர், ஆபத்துக்கும் புள்ளிக்கும் இடையிலான விகிதத்தை நிர்ணயித்தவர் யார் என்பனவே எமது வினாக்கள். எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். புள்ளி என்பது முதலிற் பொறியின் உடைமையாளர் நேரத்தை விற்பதற்குக் கையாண்ட அளவுகோல். ஆட்டக்காரர் அதனைத் தம்வசப்படுத்தி, தமக்குள் ஒருவர் ஒருவரை மதிக்கும் அளவுகோலாக மாற்றினர். இவ்விரு பயன்பாடுகளுக்கும் இடையே எழுந்த முரண்பாடே இவ்விளையாட்டுக்களின் விதிகளை மீண்டும் மீண்டும் மாற்றியமைத்தது.

நாணயப் பொறியின் பொருளாதாரம் எளிமையானது. ஆட்டக்காரர் ஒரு நாணயத்தை இடுகிறார். அமெரிக்காவில் 25 சதம், யப்பானில் 100 யென். அதற்கீடாக அவருக்குக் கிடைப்பது பண்டமன்று. மூன்று ‘உயிர்’களும், அவ்வுயிர்கள் தீரும்வரை பொறியின் முன் நிற்கும் உரிமையுமே கிடைக்கின்றன. அவர் விரைவில் தோற்றால் அடுத்த நாணயம் விரைவில் விழும். மிக விரைவில் தோற்றால் அவர் மீண்டும் வரமாட்டார். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் ஆட்ட நேரத்தை நிறுத்திவைப்பதே பொறி செய்வோரின் தொழில் இரகசியமாக இருந்தது. புள்ளி இவ்விடத்திலேயே நுழைகிறது. குறிப்பிட்ட அளவு புள்ளி பெற்றவருக்கு மேலும் ஓர் உயிர் வழங்கப்படும் என்ற விதி, தோற்கப் போகின்றவரை ‘இன்னும் சிறிது’ என்று நிற்கவைக்கிறது.

இவ்விதி வீடியோத் திரையோடு பிறந்ததன்று. அதற்கு முற்பட்ட பின்போல் பொறிகளில், உயர்ந்த புள்ளி பெற்றவருக்கு இலவச ஆட்டம் பரிசாகக் கிடைத்தது. அந்த இலவச ஆட்டம் பணப்பெறுமதி உடையதா, உடையதாயின் அது சூதாகுமா என்ற வழக்கு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நெடுங்காலம் நடைபெற்றது. நியூயோர்க் நகரில் மேயர் லா கார்டியாவின் காலத்தில், 1942இல், பின்போல் தடைசெய்யப்பட்டது. 1976இல், ரொஜர் ஷார்ப் என்பவர் நகரசபையினர் முன்னிலையிற் பந்து செல்லவிருக்கும் வழியை முன்கூட்டியே சொல்லி அவ்வாறே அடித்துக்காட்டியதன் பின்னரே தடை நீங்கிற்று. ‘இது அதிர்ஷ்டமன்று, ஆற்றல்’ என்பதை நிறுவவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. இதற்கிடையில், இலவச ஆட்டம் சட்டவிரோதமான மாநிலங்களுக்கென, 1960இல் கொட்லீப் கம்பனி இலவச ஆட்டத்துக்குப் பதிலாக மேலதிகப் பந்து வழங்கும் பொறியை வெளியிட்டது. பிற்காலச் சுடும் விளையாட்டுக்களின் மேலதிக உயிரை இந்த மேலதிகப் பந்தின் வழித்தோன்றலாக நாம் கருதலாம். சூதுக்கும் ஆற்றலுக்கும் இடையிலிருந்த இந்த வழக்கு பின்வரும் வரலாற்றிலும் வேறுருவில் தொடர்வதைக் காண்போம்.

1976இல் மிட்வே கம்பனி வெளியிட்ட ‘சீ வூல்ஃப்’ பொறி, அதுவரை எவரும் பெற்ற மிகக்கூடிய புள்ளியைத் திரையிற் காட்டியது. 1979இல் எக்சிடியின் ‘ஸ்டார் ஃபயர்’ உச்சப்புள்ளி பெற்றவர் தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பதித்துச் செல்ல இடமளித்தது. சிறிய மாற்றங்களே எனினும் இவற்றின் விளைவு பெரிது. அதுவரை பொறிக்கும் ஆட்டக்காரருக்கும் இடையிலான கணக்காக இருந்த புள்ளி, இப்போது முன்பின் அறியாத ஆட்டக்காரர் இருவருக்கிடையிலான கணக்காகியது.

இவ்விரு பொறிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1978இல், டைட்டோ கம்பனியின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வெளிவந்தது. இதனை ஆக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. யப்பானில் 100 யென் நாணயங்களுக்கே தட்டுப்பாட்டை உண்டாக்கிய விளையாட்டு என்று இது பற்றி ஒரு கதை பரவலாக வழங்கிவருகிறது. நாணய வார்ப்புப் பற்றிய சான்றுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. வெற்றி மிகப் பெரிது என்பதற்கு இக்கதை வேண்டியதுமில்லை. எமக்கு முக்கியமாவது இவ்விளையாட்டிற் புள்ளி பகிரப்பட்ட முறையாகும்.

திரையில் ஐந்து வரிசைகளில், வரிசைக்குப் பதினொன்றாக, 55 படையெடுப்பாளர் அணிவகுத்து நிற்பர். கீழிரு வரிசையினர் ஒவ்வொருவருக்கும் 10 புள்ளி, நடுவிரு வரிசையினருக்கு 20, மேல்வரிசையினருக்கு 30. அணி பக்கவாட்டில் நகர்ந்து, விளிம்பை எட்டும்போதெல்லாம் ஒருபடி கீழிறங்கும். தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கீழுள்ளவரே உடனடி ஆபத்து. ஆனால் அவருக்கே விலை குறைவு. மேலுள்ளவர் தொலைவில் உள்ளவர். அவருக்கே விலை அதிகம். ஆபத்தும் பேறும் இங்கு இன்னும் ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. தூரமும் திறமையுமே விலைபெற்றன எனலாம். இடரை உண்டாக்கியது வேறொன்று. படையெடுப்பாளர் தொகை குறையக் குறைய எஞ்சியோரின் வேகம் கூடுகிறது. பொறியின் உள்ளிருந்த இன்டெல் 8080 நுண்செயலி 55 உருவங்களை நகர்த்தும்போது தாமதித்தது. உருவங்கள் குறைந்தபோது விரைந்தது. கருவியின் இயலாமை தந்த இந்த விளைவை நிஷிகாடோ திருத்தாமல் விட்டார். இதன் பயனாக, ஆட்டக்காரரின் ஒவ்வொரு வெற்றியும் அடுத்த கணத்தின் ஆபத்தைப் பெருக்கும் நிலை உருவாயிற்று.

திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு மர்மக் கலம் கடந்துசெல்லும். அதற்குக் கிடைப்பது 50, 100, 150, 300 என்பனவற்றுள் ஏதேனும் ஒன்று. பார்ப்போருக்கு இது அதிர்ஷ்டச் சீட்டுப் போலவே தோன்றும். உண்மை அதுவன்று. அந்த விலை ஆட்டக்காரர் அதுவரை சுட்ட வேட்டுக்களின் எண்ணிக்கையால் நிர்ணயிக்கப்பட்டது. 23ஆவது வேட்டும், அதன்பின் ஒவ்வொரு 15ஆவது வேட்டும் மர்மக் கலத்தை வீழ்த்தின் 300 கிடைக்கும். இதனைப் பொறியின் உடைமையாளர் எவரும் விளம்பரப்படுத்தவில்லை. ஆட்டக்காரர் எண்ணிப் பார்த்தும் தம்முட் பேசியும் கண்டறிந்தனர். சூதெனத் தோன்றியது ஆற்றலாயிற்று. நியூயோர்க் நகரசபையில் ஒருவர் நிறுவவேண்டியிருந்ததை இங்கு ஆயிரக்கணக்கான இளைஞர் எவருடைய ஆணையுமின்றி நிறுவினர். வேட்டை எண்ணி ஆடுவதற்கு ஒரு விலையும் இருந்தது. 15ஆவது வேட்டை மர்மக் கலத்துக்கென ஒதுக்கிவைப்பவர், அணி கீழிறங்கிக்கொண்டிருக்கும்போதே சுடாமல் காத்திருக்க வேண்டும். இடரை ஏற்றுப் பேற்றைப் பெறும் உத்தி என்று நாம் கூறுவதன் தெளிவான முதல் வடிவங்களுள் இதுவும் ஒன்று.

‘நகோயாச் சூடு’ எனப் பெயர்பெற்ற உத்தி இதனினும் துணிவானது. படையெடுப்பாளர் மிகக் கீழ்ப்படியை, அதாவது இன்னும் ஒருபடி இறங்கினால் ஆட்டம் முடியும் என்ற நிலையை எட்டும்போது, அவர் வீசும் குண்டு ஆட்டக்காரரின் பீரங்கிக்குக் கீழே தோன்றுவதால் அதனைத் தாக்குவதில்லை. இந்நிலையை வேண்டுமென்றே வரவழைத்து, தீங்கற்றுப்போன படையை வரிசையாகச் சுட்டு வீழ்த்துவதே அந்த உத்தி. நகோயா நகரம் அமைந்த பழைய மாகாணத்தின் பெயர் ஓவாரி. யப்பானிய மொழியில் அவ்வொலி ‘முடிவு’ என்றும் பொருள்படும். இன்னும் ஓரடி வைத்தால் ஓவாரி என்ற சிலேடையிலிருந்தே பெயர் வந்தது என்று கூறுவாருளர். பெயரின் வரலாறு எவ்வாறாயினும், மிகப்பெரிய ஆபத்தின் விளிம்பிலே ஒரு பாதுகாப்பு மறைந்திருக்கிறது என்ற அறிவு ஆட்டக்காரருடையது. ஆக்கியோன் எழுதிய விதிகளுள் அது இல்லை.

அடுத்துவந்த ஆண்டுகளில் ஆக்கியோர் இவ்வறிவைத் தாமே விதியாக எழுதத் தொடங்கினர். நம்கோவின் ‘கலக்சியன்’ (1979) இதற்குத் தக்க சான்று. அணியில் நிற்கும் தலைமைக் கலத்தைச் சுட்டால் 60 புள்ளி. அது தாக்குவதற்காகப் பாய்ந்து வரும்போது தனித்து வந்தால் 150. ஒரு துணைக்கலத்தோடு வந்தால் 200. இரண்டோடு வந்தால் 300. அவ்விரு துணைக்கலங்களையும் முதலில் வீழ்த்திவிட்டு, கடைசியாகத் தலைமைக் கலத்தை வீழ்த்தினால் 800. ஒரே எதிரியின் விலை 13 மடங்குக்கு மேல் உயர்கிறது. உயர்த்துவது ஆட்டக்காரர் அதனைத் தன்னருகே வரவிடும் துணிவே. 1981இல் வந்த ‘கலகா’ இதே கணக்கை 150இலிருந்து 1600 வரை நீட்டியது. அத்துடன், பேறு என்ற கருத்தையே ஒருபடி நகர்த்தியது. தலைமை எதிரி வீசும் ஒளிக்கற்றையில் ஆட்டக்காரர் தம் கலத்தைத் தாமே சிறைப்படவிடலாம். ஓர் உயிர் போய்விடும். பின்னர் அவ்வெதிரி பாயும்போது வீழ்த்தினால் சிறைப்பட்ட கலம் மீண்டு, இரு கலங்கள் இணைந்து சுடும். ஆற்றல் இரட்டிப்பு; எதிரியின் குண்டுபடும் அகலமும் இரட்டிப்பு. கடைசி உயிரோடு இதைச் செய்தவருக்கு ஆட்டமே முடிந்துவிடும்.

அமெரிக்காவில் யூஜீன் ஜார்விஸ் வில்லியம்ஸ் கம்பனிக்காக ஆக்கிய ‘டிஃபெண்டர்’ (1981) இதே தருக்கத்தைக் காவலுக்குப் பொருத்திற்று. எதிரிக் கலத்துக்கு 150. ஆனால் அது தூக்கிச்செல்லும் மனிதனை விழவிட்டு வானிலே பிடித்தால் 500, தரையில் இறக்கிவிட்டால் மேலும் 500. காக்கவேண்டிய மனிதனைக் கடத்தப்படுமளவும் பார்த்திருப்பவரே கூடுதற் புள்ளி பெறுவார் என்ற இந்த விசித்திர ஒழுக்கம் ஆட்டக்காரர் எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. விதி எதற்கு விலை கொடுக்கிறதோ அதுவே ஆடப்படும்.

முரண்பாடு வெளிப்படையாக வெடித்தது அட்டாரியின் ‘அஸ்டெரொயிட்ஸ்’ விளையாட்டிலேயே. 1979இல் வெளிவந்த இதிற் பெரிய விண்பாறைக்கு 20, நடுத்தரத்துக்கு 50, சிறியதற்கு 100, பெரிய பறக்குந்தட்டுக்கு 200, சிறிய பறக்குந்தட்டுக்கு 1000 எனப் புள்ளிகள் அமைந்தன. ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஒரு கலம் மேலதிகமாகக் கிடைக்கும். ஒரு பெரிய பாறை இரண்டு நடுத்தரப் பாறைகளாகவும், அவை நான்கு சிறு பாறைகளாகவும் உடையும். ஆகவே ஒரு பெரிய பாறையை முற்றாக ஒழித்தால் 520 புள்ளி. பாறைகளை மட்டும் நம்பி ஒரு கலத்தைச் சம்பாதிக்க விரும்புபவர் ஏறக்குறைய 20 பெரிய பாறைகளைத் தூளாக்க வேண்டும். சிறிய தட்டு பத்தை வீழ்த்தினால் அதே கலம் கிடைக்கும். சிறிய தட்டே குறிபார்த்துச் சுடுவது, மிக ஆபத்தானது, எனவே அதற்கு ஆகக்கூடிய விலை. ஆக்கியோரின் கணக்கு இவ்வாறு இருந்தது.

ஆட்டக்காரரின் கணக்கு வேறு. அவர்கள் ஒன்றிரண்டு சிறு பாறைகளை மட்டும் உடைக்காமல் மிதக்கவிட்டனர். பாறை எஞ்சியிருக்கும்வரை அடுத்த அலை தொடங்காது. தட்டுக்கள் மட்டும் வந்துகொண்டேயிருக்கும். ஆட்டக்காரரின் வேட்டு திரையின் ஒரு விளிம்பைக் கடந்து மறுவிளிம்பில் தோன்றும். தட்டோ அவ்வாறு விளிம்பைத் தாண்டிக் குறிபார்க்க அறியாது. விளிம்போரத்தில் மறைந்திருந்து தட்டு தோன்றியவுடன் பின்புறமாகச் சுடுவது ஓரளவு பயிற்சி உடையவருக்கு எளிதாயிற்று. ஆகக்கூடிய ஆபத்துக்கென வகுக்கப்பட்ட விலை, ஆபத்து நீங்கிய பின்னும் அப்படியே இருந்தது. கலங்கள் செலவாவதைவிட விரைவாகச் சேர்ந்தன. ஒரு நாணயத்தை இட்டவர் மணிக்கணக்காகப் பொறியை விட்டகலவில்லை. பதுங்கி வேட்டையாடும் இவ்வுத்தி பரவியபோது, வருமானம் வீழ்ந்த பொறி உடைமையாளர் முறையிட்டனர். அட்டாரி நினைவகச் சில்லை மாற்றித்தந்து பொறியைக் கடுமையாக்கியது. 1981இல் வந்த ‘அஸ்டெரொயிட்ஸ் டீலக்ஸ்’ இவ்வுத்தியை முறியடிப்பதையே முக்கிய நோக்காகக் கொண்டது. அதிற் பறக்குந்தட்டுக்கள் விளிம்பைத் தாண்டிக் குறிபார்க்கக் கற்றிருந்தன.

இந்நிகழ்ச்சியைத் தொழிற்சாலை வரலாற்றோடு ஒப்புநோக்கத் தோன்றுவது இயல்பு. துண்டுக்கூலி முறையிற் தொழிலாளர் குறுக்குவழி கண்டு கூடுதலாக ஈட்டும்போது முதலாளி துண்டுக்கான வீதத்தைக் குறைக்கிறார். இங்கும் அதுவே நிகழ்ந்தது என வாதிடலாம். ஒப்புமையில் உண்மையுண்டு. பொறி உடைமையாளர் அஞ்சியது ஆட்டக்காரரின் புள்ளியை அன்று, அப்புள்ளி வாங்கிய நேரத்தையே. பொறியின் உள்ளேயே அதற்கான ஆளிகள் இருந்தன: ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பொறியில் மேலதிகப் பீரங்கி 1000 புள்ளியிற் கிடைப்பதா 1500இற் கிடைப்பதா என்பதையும், தொடக்கத்தில் எத்தனை பீரங்கிகள் என்பதையும் உடைமையாளர் மாற்றியமைக்கலாம். ஆட்டக்காரர் அறியாமலே விலைவாசி கூடவும் குறையவும் முடிந்தது. ஆயின் இவ்வொப்புமையை அதன் எல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்வது பிழையாகும். தொழிலாளி கூலிக்காக உழைக்கிறார்; ஆட்டக்காரரோ தாமே பணம் கொடுத்து உழைக்கிறார். உயிர்கள் போதுமான அளவு சேர்ந்த பின்னரும், புள்ளியால் வாங்குவதற்கு எதுவுமே எஞ்சாத நிலையிலும், அவர் புள்ளியைத் தேடுகிறார். துண்டுக்கூலிக் கோட்பாடு இதனை விளக்காது.

விளக்கத்தை ஆட்டக்காரரின் சமூகத்திலேயே தேடவேண்டும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா நகரில் வோல்டர் டே என்பவர் 1981இல் ‘ட்வின் கலக்சீஸ்’ என்ற விளையாட்டு நிலையத்தைத் திறந்து, 1982 முதல் நாடளாவிய உச்சப்புள்ளிப் பட்டியலைப் பேணினார். யப்பானில் 1986இல் தொடங்கி 1999 வரை வெளிவந்த ‘கேமெஸ்ட்’ சஞ்சிகை விளையாட்டு நிலையங்களிலிருந்து பெறப்பட்ட புள்ளிகளை ஒப்பிட்டு வெளியிட்டுவந்தது. சிற்றூரில் ஒரு பொறியின் முன் நின்றவர் தலைநகரில் நின்றவரோடு, ஒருவரையொருவர் காணாமலே, போட்டியிட்டார். இங்குதான் நாம் எதிர்பாராத ஓர் உண்மையை எதிர்கொள்கிறோம். ஆபத்தின்றி முடிவில்லாமற் புள்ளி சேர்க்கும் வழியொன்று ஒரு விளையாட்டில் அகப்பட்டால், யப்பானிய ஆட்டக்காரர் அதனை ‘நிரந்தர வழி’ என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அவ்வாறான வழி கண்டறியப்பட்ட விளையாட்டின் புள்ளிக் கணக்கெடுப்பு நிறுத்தப்படுவது வழக்கமாயிற்று. பதுங்கி வேட்டையாடுவதை அட்டாரி வெறுத்தது. அதையொத்த வழியை ஆட்டக்காரரும் ஒதுக்கினர். காரணங்கள் முற்றிலும் வேறு. கம்பனிக்கு நேரம் பணம். ஆட்டக்காரருக்கோ, தூக்கத்தை வென்றவரையும் திறமையால் வென்றவரையும் வேறுபடுத்திக் காட்டாத அளவுகோல் பயனற்றது. அளவுகோலின் நேர்மையைக் காப்பதற்காகத் தம் கண்டுபிடிப்பையே கைவிடும் ஒரு சமூகத்தைச் ‘சந்தையால் ஏமாற்றப்பட்டோர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது.

ஆயினும் இதனால் இருசாராரின் நலன்கள் ஒன்றாகிவிட்டன என்பதற்கில்லை. 1991இல் கப்கொம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ இருவர் நேருக்கு நேர் மோதும் விளையாட்டு. சில நிமிடங்களில் ஒருவர் தோற்றே ஆகவேண்டும். தோற்றவர் மீண்டும் நாணயமிடுவார். சுடும் விளையாட்டில் வல்லவரோ ஒரு நாணயத்தோடு அரைமணிக்கு மேலாக நிற்பார். உடைமையாளர் எதனை விரும்பினர் என்று விளக்கவேண்டியதில்லை. சுடும் விளையாட்டு ஓரங்கட்டப்பட்டது. பல விளையாட்டுக்களால் இத்துறையை வளர்த்த டோஅப்லான் கம்பனி 1994இல் முறிந்தது. அதிலிருந்து பிரிந்தோர் கேவ், ரைசிங் முதலான சிறிய கம்பனிகளில் தொடர்ந்து உழைத்தனர். பொதுமக்கள் விலகிச்சென்ற பின் எஞ்சியிருந்தவர் தேர்ந்த ஆட்டக்காரரே. அவர்களுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுக்களிற் புள்ளிமுறை முன்னெப்போதும் இல்லாத சிக்கலை எய்திற்று.

கேவ் கம்பனியின் ‘டொன்பாச்சி’ (1995), ‘டோடொன்பாச்சி’ (1997) ஆகியவற்றில் எதிரி ஒன்றை வீழ்த்திச் சிறிது நேரத்துக்குள் அடுத்ததை வீழ்த்தினால் சங்கிலி நீளும். நீள நீள ஒவ்வோர் எதிரியின் விலையும் ஏறும். ஒரு கணம் தவறினால் சங்கிலி அறுந்து கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒரு கட்டம் முழுவதையும் ஒரே சங்கிலியாகக் கோப்பவர், எதிரி எங்கே எப்போது தோன்றும் என்பதை மனனஞ்செய்து, சிலவற்றை உடனே கொல்லாது இடைவெளியை நிரப்புவதற்கென விட்டுவைக்க வேண்டும். அஸ்டெரொயிட்ஸ் ஆட்டக்காரர் பாறையை மிதக்கவிட்டது போன்ற செயலே இது. ஆனால் அங்கு விதிக்கு எதிரான தந்திரம், இங்கு விதியின் உயிர்நாடி.

இக்காலத்து ஆக்கங்களில் எம்மை மிகவும் ஈர்ப்பது ரைசிங் கம்பனிக்காக ஷினொபு யகாவா ஆக்கி 1996இல் வெளிவந்த ‘பேட்டில் கரெக்கா’ ஆகும். இதிலே திரையிற் காட்டப்படாத ஓர் அளவை இயங்கிக்கொண்டிருக்கும். ஆட்டக்காரர் வழக்கில் அது ‘தரம்’ எனப்பட்டது. தரம் உயர்ந்தால் எதிரியின் குண்டுகள் பெருகும், விரையும். தரத்தை உயர்த்துவன எவை? காலம் கடத்தல், வேட்டு ஒவ்வொன்றும், ஆயுதத்தை வலுப்படுத்தும் பொருள்களை எடுத்தல். சுருங்கக் கூறின், ஏனைய விளையாட்டுக்களில் நன்கு ஆடுவதென்று கருதப்படும் ஒவ்வொரு செயலும். தரத்தைக் குறைப்பது ஒன்றே: ஆட்டக்காரரின் கலம் அழிதல். கையிருப்பில் உயிர்கள் குறைவாக இருக்கும்போது அழிந்தால் தரம் கூடுதலாகக் குறையும். மறுபுறம், ஒவ்வொரு பத்து இலட்சம் புள்ளிக்கும் ஓர் உயிர் கிடைக்கும். ஆகவே புள்ளி ஈட்டி உயிரை வாங்கி, அவ்வுயிரைக் குறித்த இடத்தில் வேண்டுமென்றே மாய்த்து, அதனால் இலகுவாகும் ஆட்டத்தில் மேலும் புள்ளி ஈட்டுவதே இவ்விளையாட்டின் தேர்ந்த உத்தியாயிற்று. பதக்கங்கள் என ஒரு தொடரும் உண்டு. விழும் பதக்கத்தை எடுத்தால் 100 புள்ளி, அடுத்ததற்கு 200, இவ்வாறே வளர்ந்து 10,000 வரை உயரும். ஒன்றைத் தவறவிட்டால் மீண்டும் 100. பதக்கத்துக்காகக் குண்டுமழையினூடே புகுவதா, தொடரை இழப்பதா என்ற வினாவை ஆட்டக்காரர் சில நொடிகளுக்கு ஒருமுறை எதிர்கொள்கிறார்.

இவ்விளையாட்டைப் புதிதாக ஆடுபவர் கிடைத்ததையெல்லாம் எடுத்து, பொத்தானை விடாது அழுத்தி, மூன்றாவது நான்காவது கட்டத்திலே தாங்கமுடியாத குண்டுமழைக்குப் பலியாவதும், அதற்குக் காரணம் தாமே என்பதை அறியாமற்போவதும் இயல்பு. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் உருவங்கள் குறைந்து வேகம் கூடியது தற்செயலான விளைவு. அங்கே வெற்றியோடு ஆபத்தும் வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளின் பின் அது திட்டமிட்ட பொருளாதாரமாக எழுதப்பட்டது; செலவிடப்படும் நாணயம் ஆட்டக்காரரின் உயிரே. பொறி உடைமையாளரின் கண்ணில் உயிர் என்பது விற்ற நேரத்தின் அலகு. யகாவாவின் ஆக்கத்தில் அவ்வலகு ஆட்டக்காரர் கையில் முதலீடாக மாறுகிறது. இத்துறையின் ஆக்கங்களுள் இதனையே நாம் தலைசிறந்ததாகக் கருதுகிறோம். பலர் டோடொன்பாச்சியையே முன்வைப்பர்.

இதன்பின் இறுதிப்படி ஒன்றே எஞ்சியிருந்தது: எதிரியை வீழ்த்துவதன் வாயிலாகவன்றி, ஆபத்துக்கு நேரடியாகவே விலை கொடுத்தல். 2000இல் வந்த ‘சைவேரியா’வில் எதிரியின் குண்டு கலத்தை உரசிச்செல்ல விட்டால் ஆற்றல் வளரும், வளர்ந்த கணத்திற் சிறிது நேரம் எக்குண்டும் தாக்காது. ஆபத்தை நாடுபவருக்கு ஆபத்தே கவசமாகும் இவ்வமைப்பு நகோயாச் சூட்டை நினைவுறுத்துகிறது. 2001இன் ‘ஷிகிகாமி நோ ஷிரோ’வில் எதிரிக்கும் குண்டுக்கும் எவ்வளவு அண்மையில் நிற்கிறாரோ அதற்கேற்ப ஆட்டக்காரரின் புள்ளி எட்டு மடங்குவரை பெருகும்.

அதே ஆண்டின் இறுதியில் ட்ரெஷர் கம்பனியின் ‘இகருகா’ வெளிவந்தது. கலம் வெண்மை, கருமை என்ற இருநிறம் கொள்ளும். தன் நிறக்குண்டை உறிஞ்சும், மாற்று நிறக்குண்டால் அழியும். மாற்றுநிற எதிரியைத் தாக்கினால் இருமடங்கு சேதம் விளைவிக்கும். ஒரே நிற எதிரிகளை மூன்று மூன்றாக வீழ்த்தினால் 100, 200, 400 என இரட்டித்துச் செல்லும் மேலதிகப் புள்ளி ஒன்பதாம் முறையில் 25,600ஐ எட்டி அங்கேயே நிற்கும். ஒரு முறை நிறம் பிசகினால் எல்லாம் போயிற்று. உச்சப்புள்ளி நாடுவோர் இதனை மாதக்கணக்கிற் பயின்றனர். அதே விளையாட்டை ஒரு வேட்டும் சுடாமல், குண்டுகளை உறிஞ்சியும் விலகியும், தலைமை எதிரிகள் காலக்கெடு முடிந்து தாமாக அகலும்வரை காத்திருந்தும் இறுதிவரை ஆடிமுடிக்கலாம். அவ்வாறு ஆடுவோரும் இருந்தனர். விளையாட்டே அவர்களை இனங்கண்டு தனிப்பட்டமொன்றை வழங்கியது. உச்சப்புள்ளிப் பட்டியல்களில் அவர்களின் பெயரைத் தேடிப் பயனில்லை.